ஒற்றை விரலால் வாசிப்பவர்: கிறிஸ் லோ பற்றிய கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பிரிட்டனின் 'பெட் ஷாப் பாய்ஸ்' என்ற இருவர் பாப் குழுவைப் பற்றி எழுதியபோது, அதன் கீபோர்டு கலைஞரான கிறிஸ் லோவை 'தேர்ந்த இசைக்கலைஞர்' என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைத் தொட்டே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் கோபத்தோடும், சிலர் உண்மையான ஐயத்தோடும் கேட்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அவருடைய திறமையைப் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: இந்தக் குழுவின் 1986ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். நீல் டெனன்ட் பாடுகிறார். கிறிஸ் லோ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து கீபோர்டின் முன் சிலைபோல நிற்கிறார், எப்போதாவது ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்துகிறார். பல ஆண்டுகள் பியானோ பயின்ற என் தோழி, 'இவருக்கு வாசிக்கவே தெரியாது' என்று அடித்துச் சொல்கிறாள். நீங்களோ தேர்ந்த இசைக்கலைஞர் என்கிறீர்கள். எது உண்மை?

பதில்: அவருக்கு வாசிக்கத் தெரியும். ஆனால், இரு கைகளும் தனித்தனியே ஓடி, பார்ப்பவரை வியக்க வைக்கும் விரல் வித்தகர் அவர் அல்லர். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் சொல்பவர்களால்தான் இந்த விவாதம் நாற்பது ஆண்டுகளாக முடியாமல் நீள்கிறது.

முதலில் அந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பாப் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இசைத்தட்டில் உள்ள ஒலியே ஓடும். மேடையில் இருப்பவர்கள் அதற்கேற்ப உதட்டையும் கையையும் அசைப்பார்கள். எந்த மின்கம்பியோடும் இணைக்கப்படாத கிட்டாரை ஒருவர் ஆவேசமாக மீட்டுவதும், ஒலிவாங்கியே வைக்கப்படாத டிரம்ஸை இன்னொருவர் அடித்து நொறுக்குவதும் அங்கே வழக்கமான காட்சிகள். அந்த நடிப்பில் கலந்துகொள்ள லோ மறுத்தார். பத்து விரல்களையும் கட்டைகளின் மேல் ஓடவிட்டு அவரும் நடித்திருக்கலாம்; ஆனால் ஒலிக்கும் பத்து ஒலிகளில் ஒன்பது இயந்திரத்திலிருந்து வருகின்றன என்பதை மறைக்காமல், ஒரு விரலோடு நின்றார். ஆகவே உங்கள் தோழி பார்த்தது வாசிப்பே இல்லை. அதை வைத்து அவருக்கு வாசிக்கத் தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? அவர் வளர்ந்த விதத்தை வைத்துச் சிறிது சொல்லலாம். லோ 1959ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள பிளாக்பூலில் பிறந்தவர். கோடைக்கால நடன அரங்குகளுக்கும் கேளிக்கைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அவருடைய தாத்தா 'நிட்விட்ஸ்' என்ற நகைச்சுவை ஜாஸ் குழுவில் டிராம்போன் ஊதியவர். லோவும் பள்ளி நாட்களில் டிராம்போன் கற்று, 'ஒன் அண்டர் தி எய்ட்' என்ற நடன இசைக்குழுவில் 'மூன் ரிவர்' போன்ற பழைய பாடல்களை வாசித்தார். ஆடுபவர்களுக்காக வாசிக்கும் இத்தகைய குழுக்களில் சேர்ந்தவர்களுக்கு, அங்கே என்னென்ன வசப்பட வேண்டும் என்பது தெரியும்: எழுதிய சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்க வேண்டும், தாளம் நழுவக்கூடாது, தன் முறை வரும்வரை வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். இசை தெரியாமல் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியவர் என்று அவரைச் சொல்பவர்கள் இந்தப் பின்னணியை அறியாமல் பேசுகிறார்கள்.

டிராம்போனில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பியானோவில் தொடங்கியவர் கைநிறையச் சுரங்களை அள்ளிப் போடப் பழகுவார். ஊதுகருவியில் தொடங்கியவரோ ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சைச் செலவழித்தாக வேண்டும் என்பதால், எந்தச் சுரம் தேவை, அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே அமைதி வேண்டும் என்று யோசிக்கப் பழகுவார். லோவின் பாடல்களில் கேட்கும் தனித்தனி இழைகளுக்கும், அவற்றுக்கிடையே விடப்பட்டிருக்கும் வெற்றிடங்களுக்கும் இந்தப் பழக்கம்தான் வேர் என்று நான் நினைக்கிறேன். இது என் செவி சொல்லும் முடிவு. அவர் எங்கும் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சீக்குவென்சர் என்ற, சுரங்களை நினைவில் வைத்து ஒலிக்கும் இயந்திரம் வாசித்தது என்றால், 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடலில் லோ என்னதான் செய்தார்? யார் வாசித்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன். அந்தப் பாடலுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதல் பதிவு, நியூயார்க்கைச் சேர்ந்த பாபி ஆர்லாண்டோ என்ற தயாரிப்பாளரிடம் செய்யப்பட்டது. 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பாப் இதழில் வேலை பார்த்துவந்த டெனன்ட், 1983இல் ஒரு பேட்டிக்காக அந்நகருக்குச் சென்றபோது ஆர்லாண்டோவைச் சந்தித்ததிலிருந்து தொடங்கிய தொடர்பு அது. அந்தப் பதிவில் பெரும்பாலான கருவிகளை ஆர்லாண்டோவே வாசித்தார். இறுதியில் வரும் ஜாஸ் சாயல் கொண்ட சிறு துணுக்கும் அவருடையதே. லோ வாசித்தது 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த சுரங்களின் இழையையும், ஒரே ஒரு 'கார்டை'யும் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் தொகுதி) மட்டுந்தான். 1984இல் அது வெளிவந்தது; பெரிய வெற்றி பெறவில்லை.

இரண்டாவது, தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக் லண்டனில் பதிவுசெய்து 1985 அக்டோபரில் வெளியானது. நாம் இன்று கேட்பது இதைத்தான். 1986 ஜனவரியில் பிரிட்டனிலும், அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலும் முதலிடத்தைப் பிடித்தது. ஹேக் பாட்டின் வேகத்தைக் குறைத்தார், தெரு ஓசையோடு தொடங்க வைத்தார், ஒலிகளுக்கு ஒரு இரவுநேரத் தன்மையைக் கொடுத்தார். அந்தச் சூழலை உருவாக்கிய பெருமையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதை லோவின் கணக்கில் எழுதுவது நியாயம் ஆகாது.

ஆனால், இத்தனை கைகள் மாறியும் அழியாமல் நின்றது எது என்று கேட்டுப் பாருங்கள். பேஸ். அந்தப் பாட்டின் பேச்சுப் பகுதியில் டெனன்ட் ஏறத்தாழப் பாடுவதே இல்லை. தாழ்ந்த குரலில் சொற்களை அடுக்கிக்கொண்டு போகிறார். கேட்பவரை இழுத்துச் செல்லும் மெட்டு அந்த இடத்தில் குரலில் இல்லாமல் பேஸில் இருக்கிறது. அதை வாசிக்க இரண்டு விரல்கள் போதும். கீபோர்டு பழகி ஆறு மாதமான மாணவர்கூட ஒரு மாலைப் பொழுதில் அதை வாசித்துவிடுவார். அதை முதன்முதலில் அங்கே வைக்கத் தோன்றுவதற்கு எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படித் தோன்றிய ஒருவரை 'வாசிக்கத் தெரியாதவர்' என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சீக்குவென்சரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது தானாக எதையும் இசைப்பதில்லை. யாரோ ஒருவர் கட்டைகளில் வாசித்ததையோ, எண்களாக உள்ளிட்டதையோ அது நினைவில் வைத்து, தாளத்தின் கட்டங்களுக்குள் நேர்த்தியாக ஒழுங்குபடுத்தி, சலிக்காமல் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறது. வாசிப்பவரின் நேரப்பிழையை அது திருத்தும். தவறான சுரத்தை நல்ல சுரமாக மாற்றாது. நடன இசையில் அந்த இயந்திரச் சீர்மை ஒரு குறையை மறைக்க வந்த ஏற்பாடு அன்று. ஆடுபவரின் கால்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். டிஸ்கோவையும் அதன் பின் வந்த ஹவுஸ் இசையையும் உயிராக நேசித்த லோ அதைத்தான் விரும்பினார்.

இந்தக் குழுவின் ஒலித்தட்டுகளில் வேறு வாசிப்பாளர்களும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1987இல் வெளிவந்த 'ஆக்சுவலி' தொகுப்பில் பதிவுசெய்த ஒலிகளைக் கட்டைகளால் வாசிக்க உதவும் ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலிய சாம்ப்ளர் கணினியையும் கீபோர்டுகளையும் இயக்கியவர்களில் ஆண்டி ரிச்சர்ட்ஸ் முக்கியமானவர். பின்னர் பீட் கிளெடால் என்ற புரோகிராமர் பல ஆண்டுகள் இவர்களோடு பணியாற்றினார். நுட்பமான ஓட்டம் கொண்ட ஒரு பகுதியைக் கேட்டவுடன் 'இது லோவின் கை' என்று அடித்துச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே. ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை.

கேள்வி: பியானோ பயிலும் என் மகன் 'இட்ஸ் எ சின்' பாடலின் கார்டுகளை ஒரே நாளில் வாசித்துவிட்டான். இவ்வளவு எளிமையான ஒன்றில் என்ன பெருமை இருக்கிறது?

பதில்: உங்கள் மகனுக்கு என் பாராட்டுகள். அவன் வாசித்தது என்ன என்பதை அவனுக்கு நீங்கள் விளக்கினால் இன்னும் மகிழ்வான்.

அந்தப் பாட்டு சோகச் சாயல் கொண்ட சி மைனர் கார்டில் தொடங்கி, எஃப் மைனர், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று நகர்கிறது. ஒவ்வொரு கார்டின் அடிச்சுரமும் முந்தையதிலிருந்து ஐந்து சுரத் தொலைவு கீழே இறங்குகிறது. இதை 'ஐந்தாம் சுர வட்டம்' என்பார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய இசையில், குறிப்பாக விவால்டி, ஹேண்டல், பாக் ஆகியோரின் படைப்புகளில், இந்த நடை எங்கும் கேட்கும். ஒரு படியில் கால் வைத்துவிட்டால் அடுத்த படிக்கும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது போன்ற ஒரு கட்டாயம் அதில் இருக்கிறது. பாட்டின் பொருளோ கத்தோலிக்கப் பள்ளியில் படித்த ஒருவன், தான் செய்த, செய்கிற, செய்யப்போகிற எல்லாமே பாவம் என்று தனக்குக் கற்பிக்கப்பட்டதை நினைவுகூர்வது. டெனன்ட் நியூகாஸிலில் அப்படிப்பட்ட பள்ளியில்தான் படித்தார். தேவாலய ஆர்கனை நினைவூட்டும் ஒரு பழைய நடையை எடுத்து, அதற்கடியில் நடன அரங்கின் துடிப்பை ஓடவிட்டு, தப்பிக்க வழியில்லாமல் இறங்கிக்கொண்டே போகும் உணர்வை உண்டாக்கியிருக்கிறார்கள். கார்டுகள் எளியவைதாம், அந்தப் பாட்டுக்கு அவற்றைத் தேர்ந்தது எளிய செயலன்று.

இன்னொரு பாடலையும் உங்கள் மகனிடம் கொடுத்துப் பாருங்கள். எல்விஸ் பிரெஸ்லி 1972இல் பாடிய 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' பாடலை, அவர் மறைந்து பத்தாண்டுகள் ஆனதை ஒட்டி வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இவர்கள் 1987இல் புதிதாகச் செய்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் அது பிரிட்டனில் முதலிடம் பெற்றது. மூலப் பாடலில் பல்லவியின் கடைசி வரி, ஜி மேஜரில் வைத்துச் சொன்னால், சி, டி ஏழாம் கார்டு, பிறகு ஜி என்று வீடு வந்து சேரும். ஆறுதலான, எதிர்பார்த்த முடிவு. இவர்களோ டி ஏழாம் கார்டுக்குப் பிறகு வர வேண்டிய ஜி மேஜரைத் தராமல் ஜி மைனருக்குத் திருப்பி, அங்கிருந்து பி ஃப்ளாட்டுக்கும் சி-க்கும் போய், பிறகுதான் ஜி-யை எட்டுகிறார்கள். வாசல்வரை வந்தவன் கதவைத் தட்டாமல் தெருவைச் சுற்றிவிட்டு வருவதைப் போல இருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் பாட்டு அது. கேட்பவனுக்கு மன்னிப்பு கிடைக்குமா என்ற ஐயத்தை அந்த இரண்டு மூன்று கார்டுகளே கொண்டுவந்து விடுகின்றன. எத்தனையோ பேர் பாடிய பாடலில் இதற்குமுன் இல்லாத ஒரு தயக்கம் அது. நான் இதை முதலில் கீபோர்டில் வாசித்துக் கண்டுபிடித்த நாளில், அந்த இடத்தை இருபது முறையாவது திரும்பத் திரும்ப வாசித்திருப்பேன்.

கேள்வி: டெனன்ட்டும் கீபோர்டும் கிட்டாரும் வாசிப்பவர்தானே? அப்படியானால் மேலே சொல்லப்பட்ட கார்டுகள் எல்லாம் அவருடையவையாகவும் இருக்கலாம் அல்லவா?

பதில்: இருக்கலாம். பாடல்களின் கீழே 'டெனன்ட், லோ' என்று இருவர் பெயரையும் சேர்த்தே போடுகிறார்கள். யார் எந்தச் சுரத்தைத் தந்தார் என்று வெளியே இருக்கும் நாம் பிரித்துக் காட்ட முயல்வது பெரும்பாலும் வீண் வேலை. முந்தைய பதிலில் 'இவர்கள்' என்று பன்மையில் எழுதியதும் அதனால்தான். ஆனால் டெனன்ட் பாடுகிறார், சொற்களை எழுதுகிறார், பேட்டிகளில் பேசுகிறார் என்பதற்காக இசையும் முழுக்க அவருடையதாகத்தான் இருக்கும் என்று கருதுவது தவறு. 'ஜெலஸி' என்ற பாடல் இதற்குச் சான்று. 1982 அளவிலேயே எழுதப்பட்டு 1990இன் 'பிஹேவியர்' தொகுப்பில் இடம்பெற்ற அந்தப் பாட்டின் இசையை லோ பியானோவில் அமைத்தார். டெனன்ட் அதற்குச் சொற்களைத் தந்தார். நீண்டு வளைந்து செல்லும் அந்த மெட்டைக் கேட்டபின், லோவுக்குத் தாளம் மட்டுமே தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: மேடைக் கச்சேரியில் அவர் உண்மையில் வாசிக்கிறாரா?

பதில்: சிலவற்றை வாசிக்கிறார், பெரும்பகுதி முன்பே தயாரிக்கப்பட்ட ஒலி. 1989 வரை இவர்கள் முழுமையான சுற்றுப்பயணம் எதுவும் போகவில்லை. போனபோதும் டெரிக் ஜார்மன் என்ற திரைப்பட இயக்குநரை வைத்து, உடைகளும் திரைப்படங்களும் ஆட்டமும் நிறைந்த நாடகம்போல அமைத்தார்கள். வாசிப்பைக் காண்பதற்காக மட்டும் அந்தக் கச்சேரிக்குச் செல்பவர் ஏமாறுவார். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: வேறு இருவர் குழுக்களின் கீபோர்டு கலைஞர்களோடு ஒப்பிட்டால் லோவுக்கு எந்த இடம் கொடுப்பீர்கள்? ரிச்சர்ட் கார்பென்டருக்கும் வின்ஸ் கிளார்க்குக்கும் நடுவிலா?

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு பெயர்களும் மிகப் பொருத்தமானவை. ஆனால் மூவரையும் ஒரே ஏணியின் மூன்று படிகளில் நிறுத்த முடியாது.

அமெரிக்காவின் 'கார்பென்டர்ஸ்' என்ற அண்ணன் தங்கை குழுவில் ரிச்சர்ட் கார்பென்டர் முறையாகப் பயின்ற பியானோ கலைஞர். 1966இல் ஹாலிவுட் பௌலில் நடந்த இசைக்குழுப் போட்டியில் தம் ஜாஸ் மூவர் குழுவோடு வென்றவர். விரல் திறமை என்று பார்த்தால் லோ அவருக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதோடு பல குரல்களை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து கோர்ப்பதிலும் அவர் வல்லவர். தங்கை கேரனின் குரலைச் சுமந்து செல்ல வேண்டிய இடத்தில் தம் பியானோவை எவ்வளவு அடக்கி வாசித்தார் என்பதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அவ்வாறு அடங்குவதும், லோ ஒரே இழையோடு நிற்பதும், கேட்கும் செவிக்கு ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பாடகருக்கு இடம் கிடைக்கிறது.

வின்ஸ் கிளார்க் வேறொரு வகை. 'டெபேஷ் மோட்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், 1981இல் அதிலிருந்து விலகி, 'யாஸூ', 'இரேஷர்' என்று இரண்டு இருவர் குழுக்களை அமைத்தார்.  மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரை அவர் விரலால் வாசிப்பதைவிட, சுரங்களைச் சீக்குவென்சருக்குள் ஒவ்வொன்றாக உள்ளிட்டு நெய்வதையே விரும்புவார். ஒலியைச் செதுக்குவதில், அதாவது ஒரு சுரம் எப்படித் தொடங்கி எப்படி மங்க வேண்டும் என்பதைக் குமிழ்களைத் திருகித் தீர்மானிப்பதில், மூவரில் அவரே முதல்வர். இதில் எனக்கு ஐயமே இல்லை.

லோவின் பலம் மூன்றாவது திசையில் இருக்கிறது. எந்த நடன இசை இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்பதை அவருடைய செவி உடனே கண்டுகொள்கிறது. அதைக் கொண்டுவந்து, டெனன்ட்டின் சோகம் கலந்த குரலுக்கு அடியில் வைக்கும்போது, இரண்டும் மோதாமல் நிற்கின்றன. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர் அவர். பயிற்சிக் காலத்தில் மில்டன் கீன்ஸ் நகரின் ஒரு கட்டடத்துக்குப் படிக்கட்டு வடிவமைத்ததும் உண்டு. அந்தப் படிப்புக்கும் இசைக்கும் முடிச்சுப் போட்டுப் பலரும் எழுதிவிட்டதால் நான் அதை நீட்டவில்லை.

கேள்வி: முறையான ஆர்கெஸ்ட்ரா இசையை எழுதும் அளவுக்கு அவருக்குத் தெரியுமா?

பதில்: 1925இல் ஐசன்ஸ்டைன் எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' என்ற மௌனப் படத்துக்கு இருவரும் புதிய இசை அமைத்து, 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், டிரெஸ்டன் சிம்ஃபனிக்கர் என்ற ஜெர்மன் குழுவோடு அரங்கேற்றினார்கள். 2011இல் ஆண்டர்சன் கதை ஒன்றை வைத்து ஒரு பாலே நடனத்துக்கு இசையமைத்தார்கள். 2014இல் பிபிசி புராம்ஸ் விழாவில், கணித மேதை ஆலன் டூரிங்கின் வாழ்வைப் பற்றிய இவர்களுடைய படைப்பு ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஒலித்தது. ஆனால் பொட்டம்கின் இசையை ஆர்கெஸ்ட்ராவின் கருவிகளுக்குப் பகிர்ந்து எழுதியவர் டார்ஸ்டன் ராஷ் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர். வயலின் வரிசைக்கும் செல்லோவுக்கும் எதைக் கொடுப்பது என்ற தொழில்நுட்பம் தனிப் படிப்பு. அதை அறிந்தவரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை இசையால் தாங்கி நிற்கும் கருப்பொருள்கள் டெனன்ட்டும் லோவும் தந்தவை.

கேள்வி: என் மகளுக்கு, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும் பழைய சிந்தசைசர் ஒன்று கிடைத்திருக்கிறது. கார்டுகூடப் போட முடியாத கருவியில் இவர்களைப் போன்ற இசையைப் பழக முடியுமா, அல்லது புதியது வாங்கித் தர வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். 1981 ஆகஸ்ட் 19ஆம் நாள் லண்டன் கிங்ஸ் ரோட்டில் உள்ள ஒரு மின்னணுக் கடையில்தான் டெனன்ட்டும் லோவும் முதலில் பேசிக்கொண்டார்கள். டெனன்ட் அங்கே போனது, தாம் வாங்கியிருந்த கோர்க் எம்எஸ்-10 சிந்தசைசரை இணைப்பதற்கு ஒரு கம்பி தேடி. அந்தக் கருவியில் 32 கட்டைகள்தாம் உண்டு. எத்தனை கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒரு சுரம்தான் ஒலிக்கும். மென்மையாகத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் அதே அளவுதான். வின்ஸ் கிளார்க் 1991இன் 'கோரஸ்' தொகுப்பு முழுவதையும் கார்டே இல்லாமல், இப்படிப்பட்ட ஒற்றைச் சுர இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தே உருவாக்கினார்.

உங்கள் மகள் 'இட்ஸ் எ சின்' பாடலின் அடிச்சுரங்களை மட்டும் முதலில் பதிவு செய்யட்டும். பிறகு அதைக் கேட்டபடியே, ஒவ்வொரு கார்டிலிருந்தும் ஒரே ஒரு சுரத்தைத் தேர்ந்து இரண்டாவது இழையாகச் சேர்க்கட்டும். அடுத்த கார்டுக்குப் போகும்போது அந்தச் சுரம் நகராமல் அங்கேயே நிற்க முடியுமா, நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்துச் சுரத்துக்குப் போனால் போதுமா என்று பார்க்கட்டும். மூன்றாவது இழையைச் சேர்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வேண்டாம் என்று அவளுக்கே தோன்றினால், விட்டுவிடட்டும்.